இரைப்பை பைபாஸுக்குப் பிறகு

எடை குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டேன் என்றதும் சிலர் பதறுவார்கள். அவர்களைப் பற்றி எனக்குக் குறையில்லை. "அலுங்காமல் குலுங்காமல் இளைத்துவிட்டாயே" என்கிறவர்களிடம்தான் எரிச்சல் வருகிறது.

அப்போது என் எடை 118 கிலோ, உயரம் 158 செ.மீ. உடல் நிறை குறியீட்டெண் 47. காலையும் இரவும் இன்சுலின் ஊசி; போதாக்குறைக்குத் தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய். குறியீட்டெண் 40ஐத் தாண்டினாலோ, 35க்கு மேல் இருந்து கட்டுப்படாத சர்க்கரை போன்ற கடுமையான நோய் சேர்ந்திருந்தாலோ மருத்துவக் காப்பீட்டில் இந்தச் சிகிச்சைக்கு இடமுண்டு. அப்படியும் எங்கள் விண்ணப்பத்தை ஒருமுறை திருப்பி அனுப்பினார்கள். பழைய மருந்துச் சீட்டுகளையும் தூக்கப் பரிசோதனை அறிக்கையையும் இணைத்த பிறகே அனுமதி வந்தது.

நான் கேட்டுப் போனது ஸ்லீவ். இரைப்பையில் ஏறக்குறைய 80 சதவீதத்தை வெட்டி எடுத்துவிட்டுக் குறுகலான குழாய் போல விட்டுவைப்பார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் பெருமளவு சுரக்கும் மேல்பகுதியும் அதோடு போய்விடும். ஆனால் எண்டோஸ்கோப்பியில் உணவுக்குழாயின் அடியில் அமிலத்தால் வந்த புண் தெரிந்தது. ஸ்லீவ் செய்தால் நெஞ்செரிச்சல் இன்னும் மோசமாகலாம் என்று மருத்துவர் பைபாஸுக்கு மாற்றினார். இதில் இரைப்பையின் மேல்முனையில் 30 மில்லி அளவுக்கு ஒரு சிறு பையை மட்டும் பிரித்து, நேராகச் சிறுகுடலோடு இணைக்கிறார்கள். மீதி இரைப்பை உள்ளேயே சும்மா கிடக்கும்.

2024இல் சென்னை அருகே இந்த அறுவை சிகிச்சைக்குப் போன ஓர் இளைஞர் இறந்த செய்தி வந்ததிலிருந்தே அம்மா சம்மதிக்கவில்லை. அனுபவமுள்ள மையங்களில் இறப்பு ஆயிரத்தில் ஒன்று என்ற அளவில்தான், பித்தப்பையை எடுப்பதைவிடப் பெரிய ஆபத்தில்லை என்றார் மருத்துவர். "அந்த ஒன்று என் பெண்ணாக இருந்தால்?" என்று அம்மா கேட்டதற்கு அவர் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவையும் இரவுப் பணியில் இருக்கும் மயக்க மருந்து நிபுணரையும் எங்களுக்குக் காட்டினார். அதற்குப் பிறகுதான் நான் கையெழுத்துப் போட்டேன்.

அறுவை நடந்த மாலையே நடக்க வைத்தார்கள். காலில் இரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போய்விடக் கூடாது என்று இறுக்கமான காலுறை, வயிற்றில் ஹெப்பாரின் ஊசி. செவிலியர் என் நாடித்துடிப்பை ஓயாமல் பார்த்துக்கொண்டிருந்தார். தையல் போட்ட இடத்தில் கசிவு ஏற்பட்டால் வயிற்று வலிக்கு முன்பே நாடி எகிறலாம் என்று சொன்னார். எனக்கு அப்படி ஒன்றும் நேரவில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது இன்சுலினையும் நிறுத்திவிட்டார்கள். எடை இறங்குவதற்கு முன்பே சர்க்கரை இறங்கியதுதான் எனக்கு வியப்பு.

பிறகுதான் வேலை தொடங்கியது. முதலில் வடிகட்டிய பருப்புத் தண்ணீர், மோர். அடுத்துக் குழைத்த உணவு. சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது. நாளுக்கு 60 கிராம் புரதமாவது உள்ளே போக வேண்டும். அரிசிச் சோறு இரண்டு கவளத்திலேயே நெஞ்சில் நின்றது. முட்டையும் மீனும் சுண்டலும்தான் கைகொடுத்தன. ஒரு நிச்சயதார்த்தத்தில் அத்தை விடாப்பிடியாக ஒரு கரண்டி பாயசம் ஊற்றினார். கால் மணி நேரத்தில் வேர்த்துக் கொட்டி, படபடத்து, வயிறு கலங்கி மண்டபத்து அறையில் படுத்துவிட்டேன். சர்க்கரை சிறுகுடலுக்குள் ஒரேயடியாக இறங்கி நீரை இழுப்பதால் வருகிற இதை டம்பிங் என்கிறார்கள். பாவம் அத்தை, பாயசத்தில் ஏதோ கோளாறு என்று சமையல்காரரிடம் சண்டைக்குப் போய்விட்டார்.

நான்காம் மாதம் முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்து பிறகு வளர்ந்தது. பித்தப்பைக் கல்தான் பெரிய தொல்லை. எடை வேகமாகக் குறையும்போது பித்தநீரில் கொழுப்பு மிகுந்து கல் உண்டாகும் என்று ஆறு மாதம் மாத்திரை கொடுத்திருந்தார்கள். அப்படியும் வந்தது. நள்ளிரவில் வலது விலாவுக்குக் கீழே தொடங்கி முதுகு வரை போன வலியை, பக்கத்துக் கிளினிக்கில் வாயு என்று சொல்லி அனுப்பினார்கள். ஸ்கேன் எடுத்ததும் என் மருத்துவர் தாமதிக்கவில்லை. கல் பித்தநாளத்துக்கு நழுவினால் மற்றவர்களுக்கு எண்டோஸ்கோப்பியை வாய்வழியாக விட்டு எளிதாக எடுப்பார்கள். பைபாஸ் ஆனவருக்கு அந்தப் பாதை மாறிவிட்டது. அதனால் கல் நழுவும் முன்பே பித்தப்பையை எடுத்துவிட்டார்கள்.

இரும்புச்சத்தும் சரிந்தது. அதை அதிகம் உறிஞ்சும் முன்சிறுகுடலை உணவு இப்போது தொடுவதே இல்லை. மாத்திரை போதாமல் நரம்பு வழியாக ஏற்றினார்கள். பி12, கால்சியம், வைட்டமின் டி ஆயுள் முழுவதும் தொடர வேண்டும். தலைவலி, மூட்டுவலி என்று டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளை வாங்கி விழுங்க முடியாது. இரைப்பைப் பையும் குடலும் சேரும் இணைப்பில் புண் வரும். மருந்துக்கடையில் ஒவ்வொரு முறையும் இதைச் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

79 கிலோ வரை இறங்கினேன், இப்போது 84. கொஞ்சம் திரும்பி ஏறுவது வழக்கம்தானாம். இன்சுலின் இல்லை, மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை ஒன்று மட்டும். ஸ்வீடனில் நீண்ட காலம் நடந்த ஓர் ஆய்வில், சிகிச்சைக்கு இரண்டாண்டுக்குப் பின் 72 சதவீதத்தினருக்குச் சர்க்கரை நோய் விலகியிருந்தது. பத்தாண்டில் அது 36 சதவீதமாகிவிட்டது. அதனால்தான் மூன்று மாத சராசரி சர்க்கரை அளவை இன்னும் விடாமல் பார்க்கிறேன். தூக்கத்தில் மாட்டிக்கொண்ட மூச்சுக் கருவி பரணில் கிடக்கிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை. இத்தனை தொல்லைக்குப் பிறகும், மறுபடி கேட்டால் செய்துகொள்வேன் என்றுதான் சொல்வேன்.

அடிவயிற்றில் தொங்கும் தோல் மட்டும் பாக்கி. வேர்வையில் மடிப்புக்குள் புண் வருகிறது. அதை அகற்றுவது அழகு சிகிச்சை, காப்பீடு கிடையாது என்கிறார்கள். தோல் மருத்துவரிடம் கடிதம் வாங்கி மறுபடி விண்ணப்பித்திருக்கிறேன்.