இரண்டரை மார்க்கைத் தின்ற ‘பிரேக்டவுன்’

பிளஸ் டூ முடித்தவர்களுக்கு மத்திய அரசு வேலைக்காக எஸ்எஸ்சி நடத்தும் சிஎச்எஸ்எல் தேர்வில் டயர் 1, அதாவது முதல் கட்டம், தாண்டிவிட்டேன். ரிசல்ட் வந்து இரண்டு நாள் ஆகிறது, இன்னும் சரியாகத் தூங்கவில்லை. போன முறை கட் ஆஃபுக்கு ஒன்றரை மார்க் கீழே நின்றவள் நான். ஒரு கேள்வி தப்பானால் வர வேண்டிய 2 வராது, கையில் இருப்பதில் அரையும் போகும். ஆக இரண்டரை. நார்மலைசேஷன் (ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் மார்க்கைச் சமன் செய்வது) அது இது என்று நூறு காரணம் சொல்லலாம். எனக்கு அந்த ஒரு கேள்விதான் வருஷம் முழுக்கத் தொண்டையில் முள்ளாக நின்றது.

பிழை கண்டுபிடிக்கும் கேள்வி. வரி கிட்டத்தட்ட இப்படி: ‘தி டாக்ஸ் வேர் ப்ரோக்கன் டவுன் லாஸ்ட் நைட்.’ பேச்சுவார்த்தை முறிந்துபோனதாம். படித்தேன், காதுக்கு இடிக்கவில்லை, ‘பிழை இல்லை’ என்று அழுத்திவிட்டு அடுத்ததுக்குப் போய்விட்டேன். ஆன்சர் கீ வந்த அன்றுதான் தெரிந்தது, ‘வேர்’ அங்கே வரவே கூடாது. ‘தி டாக்ஸ் ப்ரோக் டவுன்’, அவ்வளவுதான்.

இத்தனைக்கும் நான் ராமேஸ்வரம் பக்கத்துத் தங்கச்சிமடத்துப் பெண். அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். எங்கள் வீட்டில் ‘பிரேக்டவுன்’ தமிழ்ச் சொல் மாதிரிதான். ராத்திரி எந்நேரமானாலும் போன் வரும்: “போட்டு பிரேக்டவுன் ஆயிப்போச்சு, இன்னொரு போட்டு கயிறு போட்டு இழுத்துட்டு வருது, விடிஞ்சுரும் வர.” அம்மா அடுப்பை அணைத்துவிட்டுப் படுத்துவிடுவாள். பழகிய சொல்தான் என்னைக் கவிழ்த்தது. நாம் ‘பிரேக்டவுன்’ என்று பெயர்ச்சொல்லாக வைத்துக்கொண்டு, பின்னால் ஒரு ‘ஆச்சு’வை ஒட்டிவிடுகிறோம். அந்த ‘ஆச்சு’தான் இங்கிலீஷுக்குப் போகும்போது ‘வாஸ்’, ‘வேர்’, சில சமயம் ‘காட்’ என்று வேஷம் கட்டுகிறது.

கோச்சிங் சென்டரில் நானூறு ஃப்ரேசல் வெர்ப் (‘பிரேக் டவுன்’ மாதிரி வினையோடு ஒரு சின்னச் சொல் ஒட்டி வருவது) பட்டியல் கொடுத்தார்கள். அதில் பிரேக் டவுனுக்கு நேரே ‘பழுதாதல்’ என்று ஒரே சொல். அந்தத் தாளைத்தான் ஆறு மாதம் மனப்பாடம் செய்தேன். வயிற்றெரிச்சல்.

இரண்டாவது முறை படித்தது மீன்பிடித் தடைக்காலத்தில். 61 நாள் படகு எல்லாம் கரையில், அப்பா வீட்டில். பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு சொல்லுக்கு ஒரு பக்கம் என்று நோட்டுப் போட்டேன். முதல் பக்கம் இதுதான்:

- வண்டி, இன்ஜின் நின்றுபோவது: தி இன்ஜின் ப்ரோக் டவுன்
- பேச்சு, உறவு முறிவது
- மனசு தாங்காமல் அழுதுவிடுவது: ஷி ப்ரோக் டவுன்
- கதவை இடித்துத் தள்ளுவது
- மக்குவது, சிதைவது. கடலில் போன நைலான் வலை லேசில் பிரேக் டவுன் ஆகாது
- கணக்கைப் பிரித்துப் போடுவது

கடைசி அர்த்தம் மட்டும் மண்டையில் ஏறவே இல்லை. பழுதுக்கும் கணக்குக்கும் என்ன சம்பந்தம்? அப்பாதான் தெரியாமலே சொல்லிக்கொடுத்தார். கடலுக்குப் போய் வந்த கணக்கைப் பழைய டைரியில் எழுதிக்கொண்டிருந்தார். மொத்தம் ஒரு தொகை, அதற்குக் கீழே டீசல், ஐஸ், சாப்பாட்டுச் சாமான், ஆள் பங்கு என்று வரிவரியாக. “மொத்தமாச் சொன்னா எவனும் நம்ப மாட்டான்மா, பிரிச்சுக் காட்டணும்” என்றார். அந்தப் பக்கம்தான் ‘எ பிரேக்டவுன் ஆஃப் தி காஸ்ட்ஸ்’. அதற்கப்புறம் மறக்கவே இல்லை.

இப்போது என் ஒரே வித்தை. இதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். வரியைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். முறிந்தது, நின்றது, உடைந்தது என்று தானாக நடந்தால் ‘வாஸ், வேர்’ வேண்டாம். உடைத்தார்கள், பிரித்தார்கள் என்று ஒரு ஆள் பின்னால் இருந்தால் வரலாம். ‘தி டோர் வாஸ் ப்ரோக்கன் டவுன் பை தி போலீஸ்’ சரி. ‘தி பஸ் வாஸ் ப்ரோக்கன் டவுன் ஆன் தி வே’ தப்பு. தன்வினை, பிறவினை என்று எட்டாவதில் தமிழய்யா நடத்தும்போது கொட்டாவி விட்டோமே, அதேதான்.

மற்ற சில்லறைகள்:

- வினை என்றால் இரண்டு சொல், ‘டவுன்’ மேல் அழுத்தம். பெயர் என்றால் ஒரே சொல், ‘பிரேக்’ மேல் அழுத்தம். இடைவெளியை வைத்தே கேள்வி கேட்கலாம்.
- ‘பிரேக் இட் டவுன்’ மட்டும்தான். ‘பிரேக் டவுன் இட்’ கிடையாது.
- ‘போட்’ என்ற சொல்லுக்கு முன்னால் ஒட்டி வந்தால் ‘எ ப்ரோக்கன்-டவுன் போட்’. இது சரி, இங்கே பயப்பட வேண்டாம்.
- பிரேக் அவுட் நோய்க்கும் தீக்கும் சண்டைக்கும். பிரேக் இன்டு திருடனுக்கு. பிரேக் ஆஃப் நிச்சயதார்த்தத்துக்கு.

நாம் தினமும் சொல்லும் பிக்கப், செக்கப், மேக்கப், லாக்கப் எல்லாவற்றையும் இப்படியே பிரித்துப் பாருங்கள். மேக் அப் மட்டுமே நாலு அர்த்தம்: கதை கட்டுவது, சமாதானம் ஆவது, சேர்ந்து ஒன்றாவது, ‘ஃபார்’ சேர்த்தால் ஈடுகட்டுவது. ‘லைன் கட் ஆயிடுச்சு’ என்பதைக்கூட விடாதீர்கள். அங்கே லைன் அல்ல, ஆள்தான் எழுவாய்: ‘ஐ வாஸ் கட் ஆஃப்.’ இதில் மட்டும் ‘வாஸ்’ உண்டு. ஏனென்றால் ஏதோ ஒன்று நம்மைத் துண்டிக்கிறது.

பரீட்சை சென்டர் மதுரை போட்டால் முந்தின நாளே போய்விடுங்கள். முதல் முறை நான் போனபோது பாம்பன் பாலத்தில் ரயில் ஓடவில்லை, ராத்திரி பஸ்ஸில் உட்கார்ந்தபடியே போய் கண் எரிச்சலோடு எழுதினேன். 2025 ஏப்ரலில் புதுப்பாலம் திறந்த பிறகு எனக்கு நிம்மதி. ராமேஸ்வரத்தில் ஏறி நோட்டைப் பிரித்தால் மதுரை வருவதற்குள் ஒரு தடவை புரட்டிவிடலாம்.

டயர் 2 பாக்கி. அங்கே கேள்விக்கு 3, தப்புக்கு 1. நோட்டில் இன்னும் முப்பது பக்கம் காலி. கணக்குக்கு எப்படிப் படித்தாய் என்று மட்டும் யாரும் கேட்காதீர்கள், அதில் நான் வாங்கியது வெளியே சொல்கிற மாதிரி இல்லை.