உபின் வெயிலும் ஓடந்துறை காத்தாலையும்

சிங்கப்பூரோட குட்டித்தீவு புலாவ் உபின்ல மெயின் கிரிட் கரண்ட் கிடையாதுன்னா இங்க பொறந்து வளர்ந்த பசங்களே நம்ப மாட்டேங்குறாங்க. சாங்கி படகுத்துறையில இருந்து பம்போட்ல, அதான் சின்ன மோட்டார் படகுல, கொஞ்ச நேரம்தான், ஆனா அங்க உள்ளவங்க காலம்காலமா ஆளுக்கொரு டீசல் ஜெனரேட்டர வச்சுதான் பல்பு எரிச்சாங்க, கொல்லைப்பக்கம் தடதடன்னு ஓடும், புகை நாத்தம் சட்டையில ஏறிடும். 2013லதான் ஜெட்டி பக்கம் சோலாரும் பயோடீசலும் சேர்த்து ஒரு மைக்ரோகிரிட், அதாவது அந்த இடத்துக்கு மட்டும் கரண்ட் குடுக்குற குட்டி கிரிட், வந்துச்சு.

நம்ம ஊர்ப்பக்கம் இதுல இன்னும் கெட்டிக்காரங்க. மேட்டுப்பாளையம் பக்கத்துல ஓடந்துறை பஞ்சாயத்து, கைல இருந்த சேமிப்பு போக பேங்க்ல லோன் போட்டு, 2006ல சுமார் 1.55 கோடிக்கு 350 கிலோவாட் காத்தாலை ஒன்னு சொந்தமா வாங்குச்சு. தமாஷ் என்னன்னா அது ஊர்லயே இல்ல, உடுமலைப்பேட்டை பக்கம் காத்து நல்லா அடிக்கிற இடத்துல நிக்குது, அங்க வர்ற யூனிட்ட மின்வாரிய லைன்ல விட்டுட்டு இங்க தெருவிளக்கு, தண்ணி மோட்டார் கணக்குல கழிச்சுக்கிட்டு, மிச்சத்த வாரியத்துக்கே வித்து அந்தக் காசுல லோன் கட்டுனாங்க. அதுக்கு முன்னாடியே விறகுக்கட்டைய எரிவாயுவா மாத்துற கேஸிஃபையர வச்சு குடிதண்ணி பம்ப் ஓட்டுன ஆளுங்க (மோட்டார் பில்லு கடுப்பேத்துனதுதான் எல்லாத்துக்கும் ஆரம்பம்!).

இங்க சிங்கப்பூர்ல நம்ம அடுக்குமாடி புளோக் மொட்டைமாடியிலயும்தான் சோலார் பேனல் இருக்கு, லிஃப்ட்டுக்கும் காரிடார் லைட்டுக்கும் போகுது, நல்ல விஷயம்தான், ஆனா அத யாரு நிமிர்ந்து பாக்குறா? ஓடந்துறைல யூனிட் கணக்கு ஊர்க்கணக்கு. பஞ்சாயத்து கையில பில்லு இருந்தா காத்து எங்க அடிக்குதுன்னு அதுவே தேடிப் போகும்.