மாமியின் பூட்டன்: காணிப் புத்தகம் தந்த பெயர்

என் மாமியின் அப்பா வழி வட அயர்லாந்தின் ஃபெர்மனா மாவட்டத்து விவசாயக் குடும்பம். மாமியின் அப்பப்பாவை 1901, 1911 குடிசன மதிப்பில் ஒரே மாலையில் பிடித்துவிட்டேன். அதற்கு முன்னால் போக வழியில்லை. 1881, 1891 கணக்குகளை முதலாம் உலகப்போர் நேரத்தில் கூழாக்கிவிட்டார்கள். 1821 முதல் 1851 வரையானவற்றில் பெரும்பகுதி 1922இல் டப்ளின் ஆவணக் காப்பகத்தோடு எரிந்துபோனது.

சரி, மரணப் பதிவில் தேடுவோம் என்று இறங்கினேன். 1864இலிருந்து மரணங்களைப் பதிவது அங்கே சட்டப்படி கட்டாயம். படங்களை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஆனால் இறந்த ஆண்டு தெரியாமல், ஊரில் பாதிப் பேருக்கு இருக்கும் பெயரைத் தேடினால் பக்கம் பக்கமாக வருகிறது. அந்தக் கால அயர்லாந்து மரணப் பதிவில் தாய் தகப்பன் பெயரும் இருக்காது. இரண்டு வாரம் இதிலேயே போயிற்று.

வழி காட்டியது காணி. 1911இல் அப்பப்பா இருந்த டவுன்லாண்டை (நம் குறிச்சி மாதிரி) வைத்துக்கொண்டு, வட அயர்லாந்து பொது ஆவணக் காப்பகத்தின் தளத்தில் காணி மதிப்பீட்டுத் திருத்தப் புத்தகங்களைத் திறந்தேன். காணி கைமாறினால் பழைய பெயரை வெட்டி, மேலே புதிய பெயரை எழுதுவார்கள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் வேறு நிற மை. ஓரத்தில் அதே மையில் ஆண்டு. 7ஆம் இலக்கத் துண்டில் பச்சை மையில் அப்பப்பா பெயர், பக்கத்தில் 93. வெட்டுக்குக் கீழே பூட்டன் பெயர் தெளிவாகவே தெரிந்தது. பரப்பளவு 11 ஏக்கர், 2 ரூட், 20 பேர்ச். கொழும்பில் காணி விற்கிறவர்கள் சொல்லும் அதே பேர்ச்தான், ஏக்கருக்கு 160.

இந்தப் புத்தகங்களில் பெயர் மாறுவது, ஆள் போய் ஒன்றிரண்டு வருடம் கழித்தும் நடக்கும். அதனால் 1893இலிருந்து பின்னோக்கித் தேடினேன். 1891இல் கிடைத்தார். விவசாயி, மனைவியை இழந்தவர், வயது 70. மூச்சுக்குழாய் அழற்சி, மூன்று வாரம், வைத்தியர் யாரும் பார்க்கவில்லை. தகவல் சொன்னவர் மகன், சாகும்போது பக்கத்தில் இருந்தவர். அவர் பெயரைப் பதிவாளரே எழுதியிருக்கிறார். நடுவில் அப்பப்பாவின் கையெழுத்துக்குப் பதிலாகச் சிறிய பெருக்கல் குறி. மாமி அந்த இடத்தைப் பெரிதாக்கச் சொல்லிக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். (வயதை நான் நம்பவில்லை. அந்தக் காலத்தில் 70, 80 என்று முழு எண்ணாகச் சொல்லிவிடுவார்கள்.)

அப்புறம்தான் எனக்கு மிகவும் சந்தோஷம் தந்த விஷயம். 1862இல் அச்சான கிரிஃபித் மதிப்பீட்டில் (வரிக்காகக் காணிகளை மதிப்பிட்ட பட்டியல்) அதே டவுன்லாண்டில் பூட்டனின் பெயரிலேயே இரண்டு பேர். ஒருவரை மற்றவரிலிருந்து பிரித்துக் காட்ட, பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் அவரவர் தகப்பன் பெயரைப் போட்டிருக்கிறார்கள். இலக்கத்தையும் வரைபடத்தையும் ஒப்பிட்டேன். 7ஆம் துண்டு நம்முடையவருடையது. மரணப் பதிவு சொல்லாத தகப்பன் பெயரை வரி மதிப்பீடு சொல்லிவிட்டது!

மூத்த மகனுக்கு அவனுடைய அப்பப்பாவின் பெயரை வைப்பது அங்கே வழக்கம். மாமியின் அப்பப்பாவுக்கு இருந்தது அடைப்புக்குறிக்குள் இருந்த அந்தப் பெயர் இல்லை, அதனால் பூட்டனுக்கு மூத்த மகன் வேறொருவர் இருந்தாரா என்று பார்க்க வேண்டும். இந்த வாரம் 1823 முதல் 1837 வரையான தசம வரிப் (திருச்சபைக்குக் கட்டிய வரி) புத்தகங்களைத் திறக்கிறேன். அதில் காணி வைத்திருந்தவர்கள் மட்டும்தான் வருவார்கள்.