பூமலையில் அப்பாவோடு ஒரு நாள்

ஜூன் பள்ளி விடுமுறைக்கு ஜொகூரிலிருந்து அப்பா வந்திருந்தார். 76 வயது, இடது முழங்கால் வலி. வீட்டில் பிள்ளைகள் இரண்டு பேர், மூத்தவளுக்கு ஒன்பது, சின்னவனுக்கு நாலு. எல்லாரையும் கூட்டிக்கொண்டு பூமலைக்கு, அதாவது சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்துக்கு, போவதென்றால் எந்த வாசலில் நுழைவது என்பதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும், சாப்பாடெல்லாம் அப்புறம்.

ஏனென்றால் 82 ஹெக்டேர், நீளவாக்கில் கிடக்கும் தோட்டம் அது. போன வருடம் புக்கிட் தீமா பக்கம் இறங்கி நேராக ஜேக்கப் பாலஸ் சிறுவர் தோட்டத்துக்குள் போய்விட்டோம், தண்ணீர் விளையாட்டைப் பார்த்த பிள்ளைகள் மதியம் வரை வெளியே வரவேயில்லை, அப்பா பாவம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அதனால் இந்த முறை தலைகீழாக மாற்றினேன்: நேப்பியர் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி டங்ளின் வாசல் வழியாக நுழைவது, வெயில் ஏறுவதற்குள் பெரியவருக்கான இடங்கள், கடைசியில் சிறுவர் தோட்டம், நனைந்த துணியை மாற்றிக்கொண்டு அந்தப் பக்கத்து எம்ஆர்டியில் வீடு. சிறு பிள்ளைகளோடு போகிறவர்கள் இப்படியே போங்கள் என்றுதான் சொல்வேன். சிறுவர் தோட்டத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை, அதை மட்டும் மறக்க வேண்டாம்.

காலை எட்டு மணிக்கு அன்னக் குளத்தைச் சுற்றினோம். ஐந்து வெள்ளி நோட்டின் பின்பக்கம் இருக்கும் தெம்புசு மரத்தைப் பார்த்ததும் மகள் நோட்டைக் கையில் விரித்து, தரையோடு படுத்தாற்போல் நீளும் அந்தக் கிளையோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். 1859இல் தோட்டம் தொடங்குவதற்கு முன்பே அங்கே நின்ற மரம் என்கிறார்கள்.

அப்புறம் ஹோல்ட்டம் ஹால். தோட்டத்தின் வரலாற்றைச் சொல்லும் சின்ன அருங்காட்சியகம், நிறைய பேர் பார்க்காமல் தாண்டிப் போய்விடுகிறார்கள், நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். 1877இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து ரப்பர் கன்றுகள் இங்கே வந்தன. 1888இல் இயக்குநராக வந்த ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் திரும்பத் திரும்பப் பால் எடுக்கும் வெட்டுமுறையை இங்கேதான் கண்டுபிடித்தார். மலாயா முழுக்க ரப்பர் தோட்டங்கள் எழுந்ததும், அவற்றில் மரம் சீவிப் பால் எடுக்க நம் ஊர்களிலிருந்து ஆயிரமாயிரம் பேர் கப்பலேறியதும் அதற்குப் பிறகுதான். என் தாத்தா பாட்டியும் அதில் அடக்கம். இங்கே வளர்ந்த அந்தக் கன்றுகள் இல்லையென்றால் நாங்கள் இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டோம் என்று தோன்றியது.

அப்பா லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர், பள்ளிக்கூடம் போகுமுன் என் பாட்டியோடு பால்காட்டுக்கு, அதாவது ரப்பர் தோட்டத்துக்குப் போய், பால் வடியும் மங்குக் கிண்ணங்களைத் துடைத்தவர். எப்படி வெட்டுவீர்கள் தாத்தா என்று மகள் கேட்டதும் அவள் முழங்கையைப் பிடித்து, இடப்பக்கம் மேலே ஆரம்பித்து வலப்பக்கம் கீழே சாய்வாக நகத்தால் மெல்ல ஒரு கோடு இழுத்தார். "தோல் மட்டும்தாம்மா சீவணும், ஆழமாப் போனா மரத்துக்குக் காயம். அப்புறம் அந்த எடத்துல பால் வராது." வெள்ளையாக விழுந்த கோடு சிவந்து மறையும் வரை அவள் கையை மடக்கவேயில்லை.

ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும்தான் கட்டணம், 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இலவசம். அழகுதான், ஆனால் படிகளும் ஏற்றமும் இருப்பதால் மனைவியும் மகளும் மட்டும் போய்வந்தார்கள். சிம்பொனி ஏரிக்கரைப் புல்லில் பாய் விரித்து எலுமிச்சைச் சாதமும் நெத்திலி சம்பலும் சாப்பிட்டோம். வீட்டுச் சாப்பாடு கொண்டுபோகாதவர்கள் புக்கிட் தீமா பக்கம் வெளியே வந்து ஆடம் ரோடு உணவங்காடியில் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) சாப்பிடலாம். குடை கண்டிப்பாக வேண்டும், எங்களுக்கும் இரண்டு மணிக்கு மேல் நல்ல மழை, ஆனால் அதற்குள் சின்னவன் ஒரு மணி நேரம் தண்ணீரில் ஆடி முடித்திருந்தான்.

அடுத்த முறை விடியற்காலையிலேயே வரலாம் என்கிறார் அப்பா. பூமலை ஐந்து மணிக்குத் திறந்துவிடும், பால்காட்டுக்குப் போக அந்த நேரத்துக்குத்தான் என் பாட்டி அவரை எழுப்புவாராம். அவ்வளவு சீக்கிரம் ரயில் கிடையாது, டாக்சிக்குச் சொல்லி வைக்க வேண்டும்.