எட்டு வால்வு, 15 தௌ

1.2.2025, சனி
அப்பாவின் 1974 மார்க் 2 அம்பாசடரில் ஒரு மாதமாக டேப்பட் அடிக்கிறது, எஞ்சினின் வால்வுப் பக்கத்திலிருந்து டக் டக். திருநகர் முக்கில் திரும்பும்போதே அம்மா கேட்டைத் திறந்து வைத்துவிடுகிறாள், அவ்வளவு சத்தம். வால்வுக்கும் அதை அமுக்கும் ராக்கர் என்ற கைக்கும் நடுவில் உள்ள இடைவெளியை எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போதுதான் பார்க்க வேண்டும் என்பதால் இன்று வண்டியைத் தொடவே இல்லை.

2.2.2025, ஞாயிறு
திருப்பரங்குன்றத்து மலைப் பக்கம் மயில் கத்தும் நேரத்துக்கே பானட்டைத் தூக்கிவிட்டேன். டேப்பட் கவரில் இரண்டே நட்டு, ஆனால் கார்க் பேக்கிங் அப்பளம் மாதிரி நொறுங்கி வந்தது. நாலு பிளக்கையும் கழற்றிவிட்டால் டிக்கியில் கிடக்கும் ஹேண்டிலை ஒரு கையாலேயே சுற்றலாம்.

அப்புறம் ஒன்பது கணக்கு. ரேடியேட்டர் பக்கத்திலிருந்து எண்ணினால் எட்டாவது வால்வு முழுக்க அமுங்கியிருக்கும்போது ஒன்றாவதைப் பார்க்க வேண்டும், ஆறு அமுங்கினால் மூன்று, நாலு அமுங்கினால் ஐந்து, இரண்டும் சேர்ந்து ஒன்பது வர வேண்டும், அவ்வளவுதான். இந்த 1489 சிசி எஞ்சினுக்கு எல்லா வால்வுக்கும் 15 தௌ, அதாவது ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்து அதில் பதினைந்து பங்கு, மில்லிமீட்டரில் 0.38. இடைவெளியில் செருகிப் பார்க்கும் அளவுத் தகட்டை உருவும்போது கனமான புத்தகத்துக்கு நடுவிலிருந்து ரூபாய் நோட்டை உருவுகிற மாதிரி ஒரு பிடிப்பு இருக்க வேண்டும். அது கிடைக்கிறது, கிடைத்ததும் லாக் நட்டை இறுக்குகிறேன், இறுக்கும்போது நட்டு இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் ஸ்க்ரூவையும் கூடவே இழுத்துக்கொண்டு போய்விடுகிறது, மறுபடி முதலிலிருந்து. ஒரு வால்வுக்கு மூன்று தடவை செய்தேன்.

நாலாவதில் 8 தௌ தகடுகூட நுழையவில்லை. ஏழாவது சரியாக 15. எட்டையும் சரி செய்து, மூடி, ஸ்டார்ட் செய்தால் அதே டக் டக். காலை முழுக்க வீண்.

3.2.2025, திங்கள்
மகபூப்பாளையத்து மெக்கானிக் பாய்க்குப் போன் போட்டேன். அப்பா காலத்திலிருந்து இந்த வண்டியைத் தெரிந்தவர். "ஓடும்போதே ஒவ்வொண்ணுலயும் தகட்டைச் செருகிப் பாரு தம்பி, எதுல சத்தம் நிக்குதோ அதுதான் ஆளு." சாயங்காலம் செய்து பார்த்தேன். சட்டையெல்லாம் ஆயில். சத்தம் நின்றது ஏழாவதில், நான் கை வைக்கத் தேவையே இல்லை என்று நினைத்த அதே ஏழாவதில்!

8.2.2025, சனி
பாய் வந்தார். ஏழாவது ராக்கரின் முகத்தில் என் விரலைப் பிடித்து நகத்தால் தடவச் சொன்னார். வால்வுத் தண்டு அடித்து அடித்து வட்டமாகப் பள்ளம். "உன் தகடு பள்ளத்துக்கு மேல பாலம் போட்டு நிக்குது. தண்டு பள்ளத்துக்குள்ள போய் அடிக்குது. நீ 15-னு நினைக்கிற, அது இருவதுக்கு மேல இருக்கும்."

ஆனால் அவர் கவலைப்பட்டது சத்தமே போடாத நாலாவதைப் பற்றித்தான். அது எக்ஸாஸ்ட், புகையை வெளியேற்றும் வால்வு. மூடி உட்கார்ந்திருக்கும் நேரத்தில்தான் அந்த வால்வு தன் சூட்டை சீட்டுக்கு, அதாவது அது போய் உட்காரும் இடத்துக்கு, கொடுத்து ஆறும். இடைவெளி இல்லாமல் போனால் சூட்டில் நீண்டு, முழுக்க மூடாமல், ஓரம் கருகிவிடும். இடைவெளி ஏன் குறைந்தது என்று கேட்டேன். பெட்ரோலில் ஈயம் இருந்தவரை அது சீட்டுக்கு மெத்தை மாதிரி இருந்தது, 2000-இல் நாடு முழுக்க நிறுத்திவிட்டார்கள், அதற்கப்புறம் இந்தப் பழைய இரும்பு ஹெட்டில், அதாவது வால்வுகள் இருக்கும் எஞ்சினின் மேல்பகுதியில், சீட் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து வால்வு மேலே ஏறிக்கொண்டே வருமாம்.

9.2.2025, ஞாயிறு
ராக்கர்கள் கோத்திருக்கும் ஷாஃப்டைக் கழற்றியாயிற்று. அதைப் பிடித்திருக்கும் நட்டுகளில் நாலு, ஹெட்டையும் சேர்த்துப் பிடிக்கிற நட்டுகள். அதனால் ரேடியேட்டர் தண்ணீரை இறக்கி, ஹெட் நட்டு எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திய பிறகுதான் ஷாஃப்டில் கை வைக்க வேண்டும். அப்பா இருந்தபோது ஒரு பட்டறையில் அந்த நாலை மட்டும் கழற்றி, ஹெட் பேக்கிங் போய், ஆயிலில் தண்ணீர் கலந்து, இரண்டு மாதம் வண்டி நின்றது. பாய் இன்றும் அதைச் சொல்லித் திட்டுகிறார். பழைய ஹெட்டிலிருந்து எடுத்து வைத்திருந்த நல்ல ராக்கர் ஒன்றைப் போட்டார். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக இறுக்கி, எட்டுக்கும் மறுபடி 15.

11.2.2025, செவ்வாய்
தைப்பூசம். அம்மாவைத் தெப்பம் பார்க்கக் கூட்டிப் போனேன். தெப்பக்குளத்துக்கு ரொம்ப முன்னாலேயே அடைத்துவிட்டார்கள், நெரிசலில் அரை மணி நேரம் ஐடிலில் நின்றோம். டேப்பட் சத்தம் இல்லாததால் டாஷ்போர்டு மூடி ஆடுவது, பின் கதவுக் கண்ணாடி நடுங்குவது எல்லாம் இப்போதுதான் காதில் விழுகிறது. "வண்டி நின்னுருச்சாப்பா?" என்றாள் அம்மா.

15.2.2025, சனி
ஆறிய எஞ்சினில் மறுபடி பார்த்தேன். ஹெட்டை இறுக்கியதால் பேக்கிங் அமர்ந்து எட்டிலும் கொஞ்சம் குறைந்திருக்கிறது, அது எதிர்பார்த்ததுதான். நாலாவதில் மட்டும் மற்றதைவிடக் கூடுதலாக. சரி செய்துவிட்டு, கிலோமீட்டரைக் கவருக்கு உள்பக்கம் மார்க்கரில் எழுத நினைத்தேன், ஆயிலில் நிற்காது, அதனால் அப்பாவின் பழைய பெட்ரோல் நோட்டில் எழுதினேன். இன்னும் ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகும் நாலாவதின் இடைவெளி குறைந்துகொண்டே வந்தால் ஹெட்டை இறக்க வேண்டியதுதான் என்கிறார் பாய்.