வேலிக்கு அப்பால் ஜினைதா

எங்கள் பாடசாலை விடுதியில் ஒரு கதைப் புத்தகம் யாருடையது என்று எவரும் கேட்டதில்லை. இப்போது யாரிடம் இருக்கிறது, அடுத்தது யாருக்கு என்பதுதான் கேள்வி. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டு ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. அதன் பிறகு கையில் அகப்பட்டதையெல்லாம் பழுப்புத் தாளில் உறை போட்டுப் பொத்திப் பொத்தி வாசித்தோம். அடுத்த ஆண்டு ஆவணி விடுமுறைக்கு வீட்டுக்குப் புறப்பட்டபோது என் முறைக்கு வந்தது, மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் பதிப்பில் ரஷ்ய எழுத்தாளர் துர்கேனிவின் ‘முதற் காதல்’.

சோளகக் காற்று பனைகளை உலுக்கிக்கொண்டிருந்த மத்தியானங்களில், பின் விறாந்தையில் இருந்து அதை வாசித்தேன். 1833ஆம் ஆண்டுக் கோடை. மாஸ்கோவின் கலூகா வாயிலருகே, நெஸ்கூச்னி பூங்காவுக்கு எதிரில், விளாதிமிரின் பெற்றோர் ஒரு கோடைகால வீட்டை வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். பல்கலைக்கழகப் பரீட்சைக்குப் படிக்கவேண்டிய பதினாறு வயதுப் பையன், கையில் பாடப் புத்தகமும் வாயில் கவிதையுமாகத் திரிகிறான். பக்கத்துச் சின்ன வீட்டுக்கு, நொடித்துப்போன பிரபு குலத்துத் தாயும் மகளும் குடிவருகிறார்கள். மகள் ஜினைதாவுக்கு இருபத்தொரு வயது.

காகம் சுடத் துப்பாக்கியோடு வந்தவன் வேலிக்கு மேலால் அவளைக் காண்கிறான். இளஞ்சிவப்பில் கோடு போட்ட உடை, தலையில் வெள்ளைத் துணி. சுற்றி நிற்கும் நான்கு இளைஞர்களும் ஒவ்வொருவராக நெற்றியைக் காட்ட, சிறு பை போன்ற சாம்பல் நிறப் பூக்களை அதில் அடித்து ‘பட்’டென்று வெடிக்க வைக்கிறாள். பையனின் கையிலிருந்து துப்பாக்கி நழுவி விழுகிறது. கிடுகு வேலிக்கும் அதில் ஆள் நுழையும் பொட்டுக்கும் நடுவே வளர்ந்த எங்களுக்கு இந்தக் காட்சியை யாரும் விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

பிறகு அவள் அவனைக் கூப்பிட்டு, இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லி, சிவப்புக் கம்பளி நூலை அவற்றில் மாட்டிச் சுற்றுகிறாள். அவ்வளவுதான் நடக்கிறது. ஆனால் அந்தப் பக்கங்களை நான் எத்தனை தரம் திருப்பியிருப்பேன்! பதினாறு வயதில் மனம் படுகிற பாட்டைப் பெரியவர்கள் ஒன்று சிரித்துத் தள்ளுவார்கள், அல்லது அதட்டி அடக்குவார்கள். துர்கேனிவ் இரண்டும் செய்யவில்லை. அந்தப் பையனின் பொறாமையையும் பெருமிதத்தையும் காரணமில்லாத கண்ணீரையும் ஒரு முதியவரின் துயரத்துக்குக் கொடுக்கும் அதே மரியாதையோடு எழுதினார். தன் வாழ்வில் நடந்ததையே எழுதியதாக அவர் சொல்லியிருக்கிறார். 1860இல், நாற்பதைத் தாண்டிய பிறகு வெளியிட்ட கதை. ஒரு கோடையை அத்தனை வருடம் அவர் மனதில் காத்து வைத்திருந்தார் என்பது எனக்கு இன்றைக்கும் வியப்பு.

மூன்றாந் தவணை தொடங்கியதும் புத்தகம் மற்றவர்களிடம் போனது. விளக்கணைத்த பிறகும் பேச்சு ஓயவில்லை. என்னை நேசிப்பது உண்மையானால் குதி என்று அவள் சொன்னதும் அவன் உயர்ந்த மதிலிலிருந்து குதித்துவிடும் இடம் எல்லோருக்கும் பிடித்தது. அவள் மனதைக் கவர்ந்தவர் விளாதிமிரின் தந்தையே என்று தெரியவரும் இடமோ வேறு. வாசிக்கிறவளின் முகத்தைப் பார்த்தே அங்கே வந்துவிட்டாள் என்று கண்டுபிடித்துவிடுவோம்! எங்கள் தமிழ் ரீச்சருக்கு இதெல்லாம் தெரிந்திருந்தது. புத்தகத்தைப் பறிக்காமல், “ஆறுதலாக வாசியுங்கோ, பிள்ளைகள்” என்று மட்டும் சொன்னார். அந்தப் பெருந்தன்மைக்கு இந்த மலரில் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

எங்களுக்குள் தீராத வழக்கு ஒன்று உண்டு. ஜன்னலருகே இருக்கும் ஜினைதாவின் கையில் விளாதிமிரின் தந்தை குதிரைச் சவுக்கால் அடிக்கிறார். அவள் ஒன்றும் பேசாமல் அவரைப் பார்க்கிறாள். கையை மெல்ல உயர்த்திச் சிவந்த தழும்பை முத்தமிடுகிறாள். அடித்த கையை நாங்கள் ஒருத்தியும் மன்னிக்கவில்லை. அந்த முத்தம் அடிமைத்தனம் என்றாள், இப்போது லண்டனில் இருக்கும் என் கட்டில்தோழி. தொலைபேசியில் இன்றைக்கும் அதையே சொல்கிறாள். சவுக்கை வீசியெறிந்துவிட்டு உள்ளே ஓடியவர் அந்த மனிதர்தான், அவளல்ல என்பது என் பதில். நான் ஜினைதாவின் பக்கம்தான்.