அப்பாவுக்கும் மகளுக்கும் ஒரே கொப்பி

இது சலம் (சிறுநீர்), அது சேர்கிற சலப்பை பற்றிய பதிவு. இந்தப் பேச்சே கூச்சமாக இருக்கிறது என்று நினைப்பவர்கள் தயவுசெய்து மூடிவிட்டுப் போகாதீர்கள். உங்களை நினைத்துத்தான் எழுதுகிறேன்.

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் 74 வயது அப்பாவும் 8 வயது மகளும் ஒரே காலத்தில் இந்த வருத்தத்தோடு இருந்தார்கள். அப்பா இரவில் நாலைந்து தரம் எழும்புவார். மகளுக்குப் பகலில் உள்ளாடை நனையும்; காய்ச்சலோடு சிறுநீர்த் தொற்றும் வந்திருந்தது. அப்பாவைத் தேசிய வைத்தியசாலை கிளினிக்கிலும், மகளைப் பொரளை லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலையிலும் காட்டினோம். வேறு வேறு டொக்டர்மார், வேறு வேறு வருத்தங்கள். ஆனால் இரண்டு பேரும் மருந்து எழுத முன்னர் கேட்டது ஒன்றைத்தான்: சில நாட்களுக்கு எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வாருங்கள்.

எழுத வேண்டியது இவ்வளவுதான். எத்தனை மணிக்கு என்ன குடித்தார், எவ்வளவு. எத்தனை மணிக்குச் சலம் போனது, எத்தனை மில்லிலீற்றர். அவசரமாக ஓட வேண்டி வந்ததா, கசிந்ததா. படுத்த நேரம், எழும்பிய நேரம். பெரியவர்களுக்கு மூன்று நாள் எழுதினால் போதும். அந்த மூன்றும் அடுத்தடுத்த நாளாக இருக்க வேண்டும் என்றில்லை. பிள்ளைகளுக்குப் பாடசாலை இல்லாத இரண்டு நாளில் அளப்பது சுலபம். பிள்ளைகள் என்றால் மலம் போனதா, இறுக்கமாக இருந்ததா என்பதையும் எழுத வேண்டும். ஒரு சீஆர் கொப்பியை நடுவில் பிரித்து, முன்பக்கம் அப்பாவுக்கும் பின்பக்கம் மகளுக்கும் கோடு போட்டேன். மில்லிலீற்றர் கோடு போட்ட பிளாஸ்ரிக் ஜக்குகள் இரண்டை வாங்கி, ஆளுக்கொன்றாகக் குளியலறையில் வைத்தேன். செலவு அவ்வளவுதான்.

இந்தக் கொப்பி ஏன் இவ்வளவு பெரிய உதவி என்பது எனக்கு அப்பாவின் கிளினிக்கில்தான் விளங்கியது. அப்பாவுக்குச் சிங்களம் கடைக்குப் போய்வரும் அளவுக்குத்தான் தெரியும். டொக்டர் சிங்களத்தில் கேட்பார், நான் அப்பாவிடம் தமிழில் கேட்க வேண்டும். சலம் மெலிதாகப் போகிறதா, முக்க வேண்டியிருக்கிறதா, போய் முடிந்த பிறகும் சொட்டி உடுப்பு நனைகிறதா என்று ஒரு மகள் தகப்பனிடம் கேட்க வேண்டும், பின்னால் வரிசையில் நிற்கிற ஆட்கள் கேட்டுக்கொண்டிருக்க. அப்பா சுவரைப் பார்த்தபடி, "ஒண்டும் இல்லை எண்டு சொல்லு பிள்ளை" என்றார். அவரில் ஒரு பிழையும் இல்லை. கொழும்பில் எத்தனையோ தமிழ் வீடுகளில் வயதானவர்களுக்கு மகளோ மருமகளோதான் வாயாக இருக்கிறார்கள். அந்த வாய் வழியாகச் சொல்லக்கூடியவை கொஞ்சம்தான்.

ஆண்களுக்குச் சலப்பைக்குக் கீழே, சலம் போகிற வழியைச் சுற்றி இருக்கிற சுரப்பிதான் புரோஸ்டேட். அதன் பிரச்சினைக்கு உலகம் முழுவதும் பாவிக்கிற ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. ஏழு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை புள்ளி, மொத்தம் 35. இந்தத் தொந்தரவோடு வாழ்வது எப்படி இருக்கிறது என்று கடைசியில் தனியாக ஒரு கேள்வி. அன்று பின்னேரம் அவற்றைத் தமிழில் கொப்பியின் நடுப்பக்கத்தில் எழுதி, பேனையோடு அப்பாவின் அறையில் வைத்துவிட்டு வந்தேன். கதவைச் சாத்திக்கொண்டு அவரே புள்ளி போட்டார். அடுத்த கிளினிக்கில் டொக்டர் இலக்கங்களைப் பார்த்தார். நான் வாய் திறக்க வேண்டிய தேவையே பெரிதாக வரவில்லை.

இனி அந்த இலக்கங்கள் சொன்ன கதை.

அப்பாவுக்குப் புரோஸ்டேட் பெருத்திருந்தது உண்மை. ஐம்பதுகளில் உள்ள ஆண்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அது கொஞ்சமாவது பெருத்திருக்கும். வயது கூடக்கூட எண்ணிக்கையும் கூடும். எல்லாருக்கும் அது தொந்தரவு தருவதில்லை. ஆனால் டொக்டர் கொப்பியில் வேறொன்றைக் கண்டுபிடித்தார். படுத்த பிறகு விடியும்வரை போனதையும், காலையில் எழும்பியதும் போன முதல் சலத்தையும் கூட்டினார். ஏறக்குறைய 950 மில்லிலீற்றர் வந்தது. நாள் முழுவதற்கும் 1,900. சரிபாதி. 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரவில் போனால், இரவில் சலம் கூடுதலாக உற்பத்தியாகிறது என்று எடுப்பார்களாம். அப்பா ஒவ்வொரு தரம் எழும்பும்போதும் 200, 250 என்று நிறையவே போயிருந்தது. வழி அடைபட்டதால் மட்டும் வருகிற தொந்தரவு என்றால் பகலிலும் இரவிலும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போயிருக்கும்.

"ஐயாவின் காலைக் காட்டுங்கள்" என்றார் டொக்டர். கணுக்காலில் விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. பகல் முழுவதும் காலைத் தொங்கப் போட்டுக் கதிரையில் இருக்கிறபோது காலில் தேங்குகிற நீர், படுத்தவுடன் இரத்தத்துக்குத் திரும்புகிறது. சிறுநீரகம் அதை இரவில் வெளியேற்றுகிறது. அப்பா எடுத்த பிரஷர் குளிசை அம்லோடிபின். சிலருக்கு அது கால் வீக்கம் தரும். டொக்டர் பிரஷர் கிளினிக்குக் கடிதம் கொடுத்தார், அங்கே குளிசையை மாற்றினார்கள். (நீங்களாக எந்தக் குளிசையையும் நிறுத்தாதீர்கள். அம்லோடிபின் நிறையப் பேருக்கு நல்லாகவே ஒத்துப்போகிற மருந்து.) இதய பலவீனம், கூடிய சீனி வருத்தம், குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருகிற நோய் எல்லாமும் இரவுச் சலத்தைக் கூட்டும் என்பதால் அவற்றையும் பார்த்தார்கள்.

இப்போது மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா தலையணையில் காலைத் தூக்கி வைத்துக் கொஞ்ச நேரம் படுப்பார். பின்னேரம் மரைன் டிரைவில் நடை. ஆறு மணிக்குப் பிறகு பிளேன்டீ இல்லை. கருவாடு, மோர்மிளகாய், ஊறுகாய் மூன்றும் குறைந்தன, ஏனென்றால் உப்பும் இரவுச் சலத்தைக் கூட்டும். புரோஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் குளிசையும் எடுக்கிறார். இரவில் இப்போது ஒரு தரம், சில நாளில் இரண்டு தரம். எனக்கு இது நித்திரைப் பிரச்சினை மட்டும் இல்லை. இரவில் அவசரமாக ரொய்லெட்டுக்குப் போய் விழுந்து இடுப்பெலும்பு முறிந்த முதியவர்கள் எங்கள் சொந்தத்திலேயே இருக்கிறார்கள்.

டாம்சுலோசின் எடுப்பவர்களுக்கு இரண்டு விஷயம். படுக்கையிலிருந்து சட்டென்று எழும்பினால் தலை சுற்றும். கொஞ்சம் இருந்துவிட்டு எழும்ப வேண்டும். கண்புரை ஒப்பரேஷன் செய்ய இருந்தால் கண் டொக்டரிடம் இந்தக் குளிசையைப் பற்றி முன்கூட்டியே சொல்லியாக வேண்டும், அது கண்மணியைச் சுற்றியுள்ள திரையைத் தளர வைப்பதால் ஒப்பரேஷன் சிக்கலாகலாம். குளிசை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், புரோஸ்டேட் பெருத்தவர்கள் தடிமனுக்கு ஃபார்மசியில் தாங்களாகக் குளிசை வாங்கக் கூடாது. சில தடிமன் குளிசைகள் சலத்தை முழுதாகவே அடைத்துவிடும்.

இனி மகள். கொப்பியின் பின்பக்கத்தைப் பார்த்து நான் கவலைப்பட்ட அளவுக்கு முன்பக்கத்தைப் பார்த்துக் கவலைப்படவில்லை.

பாடசாலை 7.30க்குத் தொடங்கி 1.30க்கு விடும். அந்த ஆறு மணித்தியாலமும் அவள் சலம் போவதே இல்லை. தண்ணீர்ப் போத்தல் போனபடியே திரும்பி வரும். குடித்தால் போக வேண்டி வரும் என்று குடிக்காமல் இருந்திருக்கிறாள். பாடசாலை ரொய்லெட்டில் ஒரு கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, இன்னொன்றில் தண்ணீர் வராது. பாடசாலையின் பெயரை எழுதவில்லை, ஏனென்றால் மற்றத் தாய்மாரோடு கதைத்தபோது எல்லாப் பாடசாலையிலும் இதே கதைதான். எனக்கு இதில் கோபம் அதிகம். ஒரு தாழ்ப்பாளும் ஒரு வாளி தண்ணீரும் இல்லாததால் சின்னப் பெண்பிள்ளைகளுக்குத் தொற்று வருகிறது.

விளையாடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று குந்தி, குதிக்காலை அடியில் அழுத்திக்கொண்டு அசையாமல் இருப்பாள். நாங்கள் அதை ஒரு விளையாட்டு என்றே நினைத்திருந்தோம். டொக்டர் கேட்ட முதல் கேள்வியே அதுதான்: "இப்படிக் குந்துவாளா?" சலப்பை சுருங்கும்போது வழியை அடைத்துப் பிடிக்கப் பிள்ளைகள் தாங்களாகக் கண்டுபிடிக்கிற வழியாம் அது.

ஒரு பிள்ளையின் சலப்பை எவ்வளவு கொள்ளும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. வயதோடு ஒன்றைக் கூட்டி 30ஆல் பெருக்க வேண்டும். 8 வயதுக்கு 270 மில்லிலீற்றர். லீவு நாளில் வீட்டில் அளந்தபோது சில தரம் 70, சில தரம் 380. வீட்டிலும் கடைசி நிமிடம்வரை அடக்கி, பிறகு ஓடிப்போய்ப் பாதியில் எழும்பி வந்திருக்கிறாள். மீதி உள்ளே தங்கினால் கிருமி வளரும். ஸ்கானில் சிறுநீரகங்கள் நல்லாக இருந்தன, சலம் போன பிறகும் சலப்பையில் மீதி இருந்தது. மலக்குடல் நிறைந்து சலப்பையை நெருக்கிக்கொண்டும் இருந்தது. அவளுக்கு மலச்சிக்கல் என்று நாங்கள் யாரும் நினைக்கவேயில்லை, தினமும் போவாளே. தினமும் போனாலும் முழுதாகப் போகாமல் தேங்கலாம் என்றார் டொக்டர்.

வைத்தியத்தில் பெரும்பகுதி பழக்கம்தான். மலத்தை இளக்கும் பாணி மாதக்கணக்கில். தண்ணீரைப் பகல் முழுவதும் பிரித்துக் குடிக்க வேண்டும். அவசரம் வந்தாலும் வராவிட்டாலும் இரண்டு, மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தரம் போக வேண்டும். கொமட்டில் இருக்கும்போது கால் தொங்கக் கூடாது. அவளுக்கு ஒரு சின்ன ஸ்டூல் போட்டோம், பாதம் ஊன்றி, முழங்கால் விரித்து, ஆறுதலாக இருப்பாள். கால் தொங்கினால் இடுப்புத் தசை இறுகி, வழி முழுதாகத் திறக்காதாம். டொக்டரிடம் கடிதம் வாங்கி வகுப்பு ரீச்சரிடம் கொடுத்தேன். அவர் நல்ல மனுஷி. இப்போது இடைவேளைக்குச் சற்று முன்னரே, கூட்டம் வர முதல், அவளை ஒரு தோழியோடு அனுப்புகிறார். தோழி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

இரவில் படுக்கை நனைப்பது வேறு விஷயம், அதைப் பற்றியும் கேட்கிறார்கள். ஐந்து வயதில் நூற்றுக்கு ஏறக்குறைய 15 பிள்ளைகள் நனைப்பார்கள். தாய்க்கோ தகப்பனுக்கோ சின்ன வயதில் இருந்திருந்தால் பிள்ளைக்கும் வர வாய்ப்புக் கூட. பிள்ளை வேண்டுமென்று செய்வதில்லை. அடிக்காதீர்கள், ஆட்களுக்கு முன்னால் சொல்லாதீர்கள். ஏழு வயதாகியும் தொடர்ந்தால் காட்டுங்கள். நனைந்தவுடன் சத்தம் போடும் அலாரமும் இருக்கிறது, மருந்தும் இருக்கிறது.

கொப்பி எழுதிக்கொண்டு காத்திருக்கக் கூடாத சிலவும் உண்டு. சலத்தில் இரத்தம் ஒரே ஒரு தரம் தெரிந்தாலும், நோவே இல்லாவிட்டாலும், தானாக நின்றுவிட்டாலும் காட்ட வேண்டும். புகைப்பவர்கள் இன்னும் கட்டாயமாக. கைக்குழந்தைக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் என்றால் சலத்தையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள், அந்த வயதில் தொற்றுக்குக் காய்ச்சல் மட்டுமே அறிகுறியாக இருக்கலாம். ஆண் குழந்தைக்கு ஆறு மாதமாகியும் விதை பைக்குள் இறங்கவில்லை என்றால் சத்திர சிகிச்சை நிபுணரிடம் காட்ட வேண்டும். ஒப்பரேஷனை ஒன்றரை வயதுக்குள் முடிப்பது நல்லது. முட்டிக்கொண்டு வந்தும் சலம் போகவே முடியவில்லை என்றால் அன்றைக்கே வைத்தியசாலை.

எல்லாவற்றிலும் அவசரமானது ஆண்பிள்ளைகளுக்கு, முக்கியமாகப் பன்னிரண்டிலிருந்து பதினெட்டு வயதுக்குள், திடீரென்று விதையில் வருகிற கடும் நோவு. அடிவயிற்று நோவும் சத்தியும் சேர்ந்து வரலாம். கூச்சத்தில் பையன் "வயித்துக்குத்து" என்று மட்டும் சொல்லலாம், அதனால் நேரடியாகக் கேளுங்கள். விதை முறுக்கிக்கொண்டு இரத்த ஓட்டம் நின்றிருந்தால் ஆறு மணித்தியாலத்துக்குள் ஒப்பரேஷன் செய்தால்தான் காப்பாற்றும் வாய்ப்பு நல்லாக இருக்கும். பெனடோல் கொடுத்து விடியும்வரை பார்க்காதீர்கள், சனல் பண்ணி டொக்டருக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். நேரே பெரிய வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு போங்கள். வாகனம் இல்லாவிட்டால் 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.